பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

‘உலகின் தலைசிறந்த படங்கள்’ என்று ஏதோ ஒரு பட்டியலை எடுத்து, அதில் முதலிடத்தில் இருப்பதையே முதலில் போட்டு, முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர். நண்பர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்து இந்தப் படங்களைப் போட்டுக் காட்டுவது எனக்கு வழக்கம். பாதியில் எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில்தான் எழுகிறார்கள். படத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்தால் பிரதி மோசமாக இருக்கும், டிவி தவறாக அமைக்கப்பட்டிருக்கும், அல்லது பத்தாவதாகப் பார்க்க வேண்டிய படத்தை முதலாவதாகப் பார்த்திருப்பார்கள். கடைசியில் சொன்னதுதான் அதிகம் பேரைத் துரத்துகிறது.

1920களிலிருந்து 1950களின் முடிவு வரையிலான அமெரிக்கப் படங்களுக்கான வரிசை இது. ஆண்டு வரிசைப்படி போகவில்லை. ஒவ்வொரு படமும் பார்வைக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. அந்தப் பழக்கம் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அடுத்த படத்தை வைத்திருக்கிறேன். அதனால் நடுவில் தாண்ட வேண்டாம்.

1. முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

நாற்பதுகளின் படம் ஒன்றைப் போட்டதும் திரையின் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். வந்தால்தான் சரி. 1953ல் சினிமாஸ்கோப் வந்து எல்லாரும் அகலத் திரைக்கு மாறும்வரை, பேசும்படங்கள் ஏறக்குறைய 1.37க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டன. இன்றைய டிவியின் விகிதம் 1.78க்கு 1. பட்டையைப் பார்த்து எரிச்சலடைந்து ‘ஜூம்’ போட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, கிட்டத்தட்ட கால் பங்குப் படம் காணாமல் போகும். திரையை நிரப்ப அகலவாக்கில் இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பது போல, படத்தை இழுக்கவும் வெட்டவும் செய்யாத அமைப்பில் வையுங்கள். தட்டுகளும் கார் சக்கரங்களும் வட்டமாகத் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது அசைவை வழவழப்பாக்கும் வசதி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். படம் வினாடிக்கு 24 சட்டகங்களில் ஓடுகிறது. டிவி நடுவே தானாகச் சில சட்டகங்களை உருவாக்கிச் செருகுகிறது. விளைவு, அன்றைய நட்சத்திரம் ஹம்ஃப்ரி போகார்ட் மதிய நேர மெகா சீரியலில் நடிப்பது போலத் தெரிவார். இதை அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருக்கும் டிவி என்றால் அதைத் தேர்ந்தெடுத்தாலே இந்த வேலை முடிந்தது. ‘விவிட்’ மோட் மட்டும் வேண்டாம். கருப்பு வெள்ளைப் படத்தில் முகத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சாம்பல் நிறங்களில்தான் ஒளிப்பதிவாளரின் உழைப்பு இருக்கிறது. விவிட் அதை அழித்துவிடும்.

ஒலியும் ஒரே தடத்தில் பதிவானது. ‘சரவுண்ட்’ என்று போட்டால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சாதாரண ஸ்டீரியோவில் வையுங்கள்.

2. பிரதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

1940ல் வந்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ மாதிரி சில படங்களின் பதிப்புரிமையை அப்போது புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏற்றியும் இருக்கிறார்கள். நகலின் நகலின் நகல் என்று மங்கிப்போன பிரதியும், கவனமாக மீட்டெடுத்த பிரதியும் ஒரே பெயரில் யூடியூபில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தேடலில் முதலில் வருவதை அழுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு.

முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். டைட்டிலில் வரும் சின்ன எழுத்துகளைப் படிக்க முடிகிறதா? வெள்ளைச் சட்டையில் மடிப்புகள் தெரிகின்றனவா, வெறும் வெள்ளைத் திட்டா? பிறகு ஓடும் நேரத்தை ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் குறைந்தால் வெட்டிய பிரதி. நூறு நிமிடப் படம் 96 நிமிடம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஐரோப்பிய வீடியோ முறையில் நான்கு சதவீதம் வேகமாக ஓடும் பிரதி அது. ஒன்றும் விடுபட்டிருக்காது, குரல்கள் மட்டும் சற்றுக் கீச்சென்றிருக்கும்.

வண்ணம் பூசிய பிரதிகளைத் தொடாதீர்கள். 1946ல் வந்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்குக் கூட அப்படிப் பூசிய பிரதிகள் சுற்றுகின்றன. அங்கே விளக்குகளை வைத்ததே சாம்பலின் அளவுகளை மனத்தில் கொண்டுதான். மேலே நிறத்தைத் தடவினால் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒளி சொல்லிக்கொண்டிருந்தது கேட்காமல் போகும்.

காசு கொடுக்காமல் நல்ல பிரதி வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘நேஷனல் ஸ்கிரீனிங் ரூம்’ தொகுப்பையும் இன்டர்நெட் ஆர்கைவையும் பாருங்கள். இரண்டாவதில் மேலே சொன்ன சோதனை கட்டாயம்.

3. ஆங்கில சப்டைட்டிலுடன் பாருங்கள்

ஆங்கிலம் நன்றாக வரும் என்று சப்டைட்டிலை அணைத்தவர்கள்தான் முதலில் தடுமாறுகிறார்கள். அன்றைய ஒலிப்பதிவு, வேகமான பேச்சு, இன்று யாரும் பேசாத ஒருவகை மேடை உச்சரிப்பு எல்லாம் சேர்ந்து வரும். காது கேளாதவர்களுக்காக மனிதர்கள் தயாரித்த ஆங்கில சப்டைட்டில் இருந்தால் அதையே போடுங்கள். யூடியூப் தானாக உருவாக்குவது பழைய படங்களில் கண்டபடி உளறும்.

கொச்சைச் சொல் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி அர்த்தம் தேடாதீர்கள். வேகம்தான் அந்த வசனத்தின் பாதி அர்த்தம்.

4. ஒரே அமர்வில்

இந்தப் படங்களில் பெரும்பாலானவை 90 முதல் 120 நிமிடம். இடைவேளை வைத்து எழுதப்பட்டவை அல்ல. நமக்கு இடைவேளையில் கதை ஒரு முட்டு முட்டி நிற்கும் என்ற எதிர்பார்ப்பு ஊறியிருக்கிறது. இங்கே நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் எதுவாகவும் இருக்கும், திரும்பி வந்து உட்கார மனம் வராது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்காதீர்கள். அவ்வளவுதான்.

‘கான் வித் தி விண்ட்’ போல நான்கு மணி நேரத்தைத் தொடும் படங்களை இந்தப் பட்டியல் முழுக்க முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

5. முதல் படம்: ‘12 ஆங்க்ரி மென்’

1957, 96 நிமிடம், கருப்பு வெள்ளை. தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கொலை வழக்கில் பன்னிரண்டு ஜூரிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குற்றவாளி என்றால் அந்தப் பையனுக்கு மரண தண்டனை. பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இதை முதலில் வைத்ததற்குக் காரணம், பழைய படம் என்று எந்தச் சலுகையும் தராமலே இது யாரையும் பிடித்து உட்காரவைக்கும். கருப்பு வெள்ளை என்பதைப் பதினைந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். வண்ணமில்லாப் படத்தின் மேல் இருக்கும் தயக்கத்தை உடைக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

முதல் முறை கதையை மட்டும் பாருங்கள். மறுநாள் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நடுவில் ஐந்து, கடைசியில் ஐந்து நிமிடம் என்று சத்தமில்லாமல் ஓட்டுங்கள். இயக்குநர் சிட்னி லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள். போகப் போக அது இறங்கி, முடிவில் கண்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கூரை தெரியத் தொடங்குகிறது. லென்ஸும் நீண்டுகொண்டே போவதால் பின்சுவர் முதுகில் வந்து ஒட்டுகிறது. முதல் நாள் மூச்சு முட்டியது வசனத்தால் மட்டுமல்ல என்று அப்போது தெரியும். கேமரா எங்கே நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இங்கே தொடங்கட்டும்.

6. இரண்டாவது: ‘ரியர் விண்டோ’, அதன் முதல் சில நிமிடங்கள்

1954, ஹிட்ச்காக் இயக்கம், வண்ணப்படம், 112 நிமிடம். கால் முறிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எதிர்வீடுகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புதியவர்கள் அடிக்கடி சொல்வது: ‘முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.’ நடந்திருக்கிறது. அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் தகவல் என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை இங்கே விட வேண்டும்.

டைட்டில் முடிந்ததும் கேமரா முற்றத்தைச் சுற்றி வருவதைக் கவனியுங்கள். வியர்த்த நெற்றி, வெப்பமானி: வெயில் காலம், அதனால் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. கதைக்கே இது தேவை, ஜன்னல் மூடியிருந்தால் படமே இல்லை. பிறகு கேமரா அறைக்குள் வருகிறது. காலில் மாவுக்கட்டு, அதில் அவர் பெயர். உடைந்த கேமரா. சுவரில் கார் பந்தய விபத்தின் புகைப்படம். சக்கரம் ஒன்று நம்மை நோக்கிப் பறந்து வருகிறது. இன்னும் சில ஆபத்தான இடங்களின் படங்கள். அடுத்து சட்டமிட்டு வைத்த ஒரு நெகட்டிவ், ஒரு பெண்ணின் முகம். அதே முகம் பாசிட்டிவாகப் பத்திரிகை அட்டையில்.

யார் இவர், என்ன வேலை, கால் எப்படி உடைந்தது, எந்த மாதிரி வாழ்க்கையை விரும்புகிறார், எந்த வேலையை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்? எல்லாம் சொல்லியாயிற்று, அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமலே. அட்டைப்படத்து நாகரிகப் பெண்களை நெகட்டிவாகப் பார்க்கிற ஆள் என்பது கூட இதற்குள் இருக்கிறது. காதலியாக நடிக்கும் கிரேஸ் கெல்லி பிறகு அந்த அறைக்குள் வரும்போது அவர்கள் இருவருக்கும் என்ன பிரச்சினை என்பது நமக்கு முன்பே தெரியும்.

செய்ய வேண்டியது: இந்தத் தொடக்கத்தை இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை, கேமரா நின்று காட்டும் பொருள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், செய்யுங்கள். எழுதியவர்கள் அடுத்த படத்திலிருந்து தாளில்லாமலே பார்க்கிறார்கள், எழுதாதவர்கள் ‘எப்போது கதை தொடங்கும்’ என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, காதுக்கு. இந்தப் படத்தில் இசை பெரும்பாலும் எதிர்வீட்டு வானொலியிலிருந்தும் மேல்மாடி இசையமைப்பாளரின் பியானோவிலிருந்தும் வருகிறது. பயப்படு, அழு என்று பின்னணி இசை நம்மைத் தட்டித்தட்டிச் சொல்லும் படங்களில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் வெறுமையாக இருக்கும்.

7. பேச்சுக்குப் பழகுங்கள்

இப்போது 1934ன் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’. பணக்கார வீட்டுப் பெண் தப்பித்துப் பேருந்தில் ஏற, வேலை போன பத்திரிகைக்காரன் ஒட்டிக்கொள்கிறான். 1956ல் ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ இதிலிருந்து வந்ததுதான்; பிறகு வந்த எத்தனையோ பயணக் காதல் கதைகளுக்கும் இதுவே மூலம். அதனால் ‘இது பார்த்த கதையாச்சே’ என்று தோன்றும். தோன்றினால் நல்லது, கதையை விட்டுவிட்டு இருவரும் பேசும் தாளத்தைக் கேட்க நேரம் கிடைக்கிறது.

அதன் பின் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’. ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் தொடங்கிவிடுவார். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் வசனத்தின் முதலிலும் கடைசியிலும் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து வைத்து, அந்த இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி செய்தார். முக்கியமான சொல் நடுவில் பத்திரமாக இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் பிடிக்க முயலாதீர்கள். யார் யாரை வெல்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். சப்டைட்டிலால் கூட இந்த வேகத்துக்கு ஓட முடியாது, சில வரிகளை விட்டுவிட்டுத்தான் வரும்.

இதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போட்டால் தலைவலி என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். முந்தைய படத்தோடு சேர்த்து, இதே வரிசையில் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

8. ‘நாடகம் மாதிரி இருக்கிறதே’

இந்த நேரத்தில் இந்தக் கேள்வி வந்திருக்கும். கார் ஓட்டும் காட்சிகளில் பின்னால் சாலை தட்டையாக ஓடுவதைப் பார்த்துச் சிரித்தும் இருப்பீர்கள். ஸ்டுடியோவில் காரை நிறுத்தி, பின்னால் திரையில் சாலையை ஓட்டி எடுத்தது அது. ஓடும் காரில் வசனத்தைச் சுத்தமாகப் பதிவுசெய்வது அன்றைக்குப் பெரும்பாடு. பேச்சுத்தான் முக்கியம் என்று முடிவெடுத்து, சாலையைப் பொய்யாக்கினார்கள். பாட்டு வந்ததும் நாயகனும் நாயகியும் வேறு நாட்டுக்குப் போவதை ஒத்துக்கொள்கிற நமக்கு இதை ஒத்துக்கொள்வது கஷ்டமில்லை.

நடிப்பில் நாடகத்தன்மை உண்டு, மறுக்கவில்லை. எல்லாரிடமும் இல்லை. பார்பரா ஸ்டான்விக், தெல்மா ரிட்டர், ஹென்றி ஃபோண்டா போன்றவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பேசாமல் மற்றவர் பேசுவதைக் கேட்கும் இடங்களில் அவர்கள் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பேசும்போது பார்த்தால் மேடை தெரியும், கேட்கும்போது பார்த்தால் சினிமா தெரியும்.

9. சொல்லாததைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படி இல்லாமல் 1934க்குப் பிந்தைய அமெரிக்கப் படங்களைப் பாதிதான் பார்த்தவர்களாவீர்கள்.

ஸ்டுடியோக்கள் 1930ல் தங்களுக்குத் தாங்களே ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. நான்கு ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934ல் ஜோசஃப் ப்ரீன் தலைமையில் ஓர் அலுவலகம் வந்தது: அதன் சான்றிதழ் இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். கதை எழுதும்போதே அவர்கள் கை வைப்பார்கள். குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும். கள்ள உறவை ஈர்ப்பாகக் காட்டக் கூடாது. இரு இனத்தவர் காதலிக்கக் கூடாது. கணவனும் மனைவியுமே ஆனாலும் படுக்கை தனித்தனியாக இருக்கும். 1968ல் வயது அடிப்படையிலான தரச்சான்று வரும்வரை இது பெயரளவிலாவது இருந்தது.

எனவே எழுத்தாளர்களும் இயக்குநர்களும் ப்ரீன் அலுவலகத்துக்கு ஒன்றும் நமக்கு வேறொன்றும் தெரியும்படி எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் ‘காட்சி திடீரென்று வெட்டுப்பட்டுவிட்டது’ என்கிறார்கள்.

பயிற்சிக்கு 1944ன் ‘டபுள் இண்டெம்னிட்டி’. பில்லி வைல்டர் இயக்கம், அவரும் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து எழுதியது. காப்பீட்டு முகவர் ஒருவன் வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அவள் கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறான். குறிப்பிட்ட வகை விபத்தில் இறந்தால் இரட்டிப்புப் பணம் என்ற விதி பாலிசியில் இருக்கிறது. யார் கொன்றது என்பதைப் படம் முதலிலேயே சொல்லிவிடும், அதனால் மர்மத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று இடங்களைக் கவனியுங்கள். அவன் வீட்டில் இருவரும் சோபாவில் இருக்கிறார்கள். காட்சி மங்கி, அலுவலகத்தில் அவன் வாக்குமூலம் தரும் இடத்துக்குப் போகிறது. திரும்பி வரும்போது அவன் சோபாவில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறான், அவள் ஒப்பனையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். நடுவில் நடந்தது என்ன என்று ப்ரீன் அலுவலகத்துக்கு எழுத்தில் எதுவும் அகப்படாது. காட்சி மங்கும் இடத்திலெல்லாம் இதையே கேளுங்கள்: தலைமுடி, உடை, சிகரெட், வெளிச்சம், இவற்றில் எது மாறியிருக்கிறது?

அடுத்தது கொலை. கேமரா கொலையைக் காட்டுவதில்லை. கார் ஓட்டிக்கொண்டிருக்கும் மனைவியின், அதாவது ஸ்டான்விக்கின், முகத்திலேயே நிற்கிறது. சத்தம் மட்டும் கேட்கிறது, அவள் முகத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். கொலையையே காட்டியிருந்தால் இந்த முகம் நமக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாவது ஒரு தீக்குச்சி. அதே நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயும் கீஸிடம் சுருட்டு இருக்கும், தீ இருக்காது. ஒவ்வொரு முறையும் முகவன்தான் கட்டைவிரல் நகத்தில் குச்சியை உரசிப் பற்றவைக்கிறான். இதை எண்ணிக்கொண்டே வாருங்கள், கடைசிக் காட்சிவரை. படத்தின் உண்மையான அன்பு எங்கே இருக்கிறது என்பதை இந்தக் குச்சி சொல்லும் அளவுக்கு ஒரு வசனமும் சொல்வதில்லை.

விதி இறுகுவதற்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க, அதே ஸ்டான்விக் நடித்த ‘பேபி ஃபேஸ்’ (1933). ஆண்களைப் படிக்கட்டாக்கி வங்கியின் மாடிமாடியாக ஏறும் பெண். இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தணிக்கைக்காக மாற்றி வெளியிட்டது ஒன்று. மாற்றத்துக்கு முந்தைய வடிவம் 2004ல் நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது, அதையே தேடிப் பாருங்கள். இரண்டு ஸ்டான்விக் படங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பார்ப்பது எந்தக் கட்டுரையை விடவும் தெளிவாகப் புரியவைக்கும்.

பொதுவான தவறு ஒன்று: கடைசி ஐந்து நிமிடத்தை வைத்து மொத்தப் படத்தின் கருத்தை முடிவுசெய்வது. கெட்டவர்கள் தண்டனை பெற்றாக வேண்டும் என்பது விதி. அதுவரை படம் யார் பக்கம் நின்றது, யாருடைய காட்சிகளை ரசித்து எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் படம் உண்மையில் நினைத்தது.

10. இப்போது மௌனப்படம்

மௌனப்படத்தை முதலில் வைத்தால் ‘பழசு’ என்ற எண்ணம் உறுதியாகிவிடும். இதுவரை வந்தவர்களுக்குப் பொருள்களையும் முகங்களையும் படிக்கத் தெரியும், அதனால் கடினமாக இருக்காது.

பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’, 1924, வெறும் 45 நிமிடம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். காதுக்கு வேலை இல்லாததால் கண்ணும் மெல்ல நழுவும், ஒரு நொடி நழுவினாலும் வேடிக்கை போய்விடும்.

எல்லாரும் குடுகுடுவென்று ஓடுகிறார்களே என்றால், அது பிரதியின் கோளாறாக இருக்கலாம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகத்துக்குக் கட்டாய அளவு இல்லை. 24 என்பது ஒலி வந்த பிறகு நிலைத்தது. மெதுவாக எடுத்ததை வேகமாக ஓட்டினால் பொம்மையாட்டம்தான். மீட்டெடுத்த பிரதிகளில் இதைச் சரிசெய்திருப்பார்கள். அன்று இசையும் அரங்கில் நேரடியாக வாசிக்கப்பட்டது, படத்தோடு வரும் இசை பின்னாளில் யாரோ சேர்த்தது. பொருந்தாத பியானோ என்றால் கூசாமல் ஒலியை அணைத்துவிடுங்கள்.

கீட்டன் திரைக்குள் நுழையும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்னணி தோட்டம், தெரு, பாறை, கடல் என்று மாறிக்கொண்டே இருக்க, அவர் உடல் மட்டும் அதே இடத்தில் தொடர்கிறது. நில அளவைக் கருவிகளை வைத்து அளந்து நிற்கவைத்து எடுத்தார்கள். பெரும்பாலான சாகசங்களில் கேமரா தள்ளி நின்று முழு உருவத்தையும் வெட்டாமல் காட்டுகிறது, ஏமாற்றவில்லை என்பதற்குச் சாட்சியாக. தண்ணீர்த் தொட்டிக் காட்சியில் அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவர் கண்டுபிடித்தார்.

11. உறுத்தும் இடங்களைத் தாண்டி ஓட்டாதீர்கள்

வரும். கருப்பினத்தவர் வேலைக்காரர்களாக மட்டும் வருவார்கள், செவ்விந்தியர்கள் கூட்டமாக வந்து செத்துப்போவார்கள், வெள்ளையர் முகத்தில் மை பூசிக்கொண்டு பாடுவார்கள். இதை ‘அந்தக் காலம் அப்படி’ என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு, அதோடு படத்தையே மூடிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே பார்ப்பதை நிறுத்திவிட்டவர்கள்தான்.

யார் யாருக்குப் பதில் நடிக்கிறார்கள் என்று பாருங்கள். 1937ன் ‘தி குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவியாக நடித்தது லூயிஸ் ரெய்னர் என்ற ஐரோப்பிய நடிகை, ஆஸ்கரும் வாங்கினார். சீன வம்சாவளியில் அமெரிக்காவில் பிறந்து புகழோடு இருந்த அன்னா மே வாங்குக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. ஆஸ்கர் வாங்கிய முதல் கருப்பினத்தவர் ஹேட்டி மெக்டேனியல், ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக வாங்கினார். அந்த விருது விழாவில் அவர் மற்ற நடிகர்களோடு உட்காரவைக்கப்படவில்லை, தனி மேசை. அந்தப் படத்துக்கு வரும்போது இதைத் தெரிந்துகொண்டு அவர் காட்சிகளைப் பாருங்கள், கொடுக்கப்பட்ட சின்ன இடத்துக்குள் அவர் எவ்வளவு அதிகாரத்தோடு நிற்கிறார் என்று தெரியும்.

அதன் பிறகு ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956). அதன் நாயகன் இனவெறியன். படம் அவனை எவ்வளவு தூரம் ஆதரிக்கிறது, எங்கே விலகுகிறது என்பதில் எனக்கே ஒவ்வொரு முறையும் பதில் மாறுகிறது. கமான்சி என்ற செவ்விந்திய இனத்தின் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தொலைபேசித் திரையில் மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். மானுமெண்ட் வேலியின் பாறைகளுக்கு முன் மனிதன் புள்ளியாகத் தெரிவதற்காகவே எடுத்த படம்.

12. இப்போதுதான் ‘சிட்டிசன் கேன்’

எல்லாரும் தொடங்கும் இடம் இது, நான் இத்தனை தள்ளி வைத்திருக்கிறேன். ஏனென்றால் கேமரா எங்கே நிற்கிறது, அறையில் என்ன பொருள் இருக்கிறது, யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது விருந்து. மற்றவர்களுக்கு ஒரு பணக்காரனின் நீளமான வாழ்க்கை வரலாறு.

சிறுவயதில் நாயகன் கேனை அவன் தாய் வங்கிக்காரரிடம் ஒப்படைக்கும் காட்சியில் நிறுத்துங்கள். முன்னால் மேசையில் கையெழுத்து. நடுவில் மறுத்துப் பேசும் தந்தை. பின்னால் ஜன்னலுக்கு வெளியே பனியில் விளையாடும் பையன், தன் தலைவிதி எழுதப்படுவது தெரியாமல். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் மூன்று தளமும் தெளிவாக இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று வெட்டிக் காட்டாமல், நம்மிடமே விட்டிருக்கிறார்கள். காலை உணவு மேசையில் ஒரு திருமணம் ஆண்டாண்டாக நொறுங்குவதையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் உடைகளும், நாற்காலிகளுக்கு இடையிலான தூரமும் பேசும். முடிவை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தாலும் பாதகமில்லை, அது படத்தின் மிகச் சின்ன விஷயம்.

அடுத்து ‘சன்செட் புலவார்ட்’ (1950). மறக்கப்பட்ட மௌனப்பட நடிகையின் கதை. நாயகி குளோரியா ஸ்வான்சன் நிஜத்திலும் மௌனப்பட நட்சத்திரம். பட்லராக வரும் எரிச் வான் ஸ்ட்ரோஹைம் நிஜத்திலும் மௌனப்பட இயக்குநர். அவர்கள் வீட்டுத் திரையில் ஓடும் பழைய படம் அவர் ஸ்வான்சனை வைத்து எடுத்த ‘க்வீன் கெல்லி’. சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை இப்போது நீங்களே அடையாளம் காண்பீர்கள்: கீட்டன். பத்தாவது படியைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் வயிறு கலங்கும், தாண்டாதவர்களுக்கு யாரோ சில கிழவர்கள்.

13. அடுத்த படத்தை டைட்டில் கார்டிலிருந்து எடுங்கள்

இனிப் பட்டியல்கள் வேண்டாம். பழைய படங்களில் முக்கியமான பெயர்கள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும், நிறுத்திப் படியுங்கள். நடிகரையோ இயக்குநரையோ மட்டும் பின்தொடர்ந்தால் சீக்கிரம் அலுக்கும். மற்ற பெயர்களைப் பிடியுங்கள்.

‘டபுள் இண்டெம்னிட்டி’, ‘சன்செட் புலவார்ட்’, ‘ரியர் விண்டோ’ மூன்றும் பாரமவுண்ட் படங்கள், மூன்றுக்கும் உடை எடித் ஹெட். முதல் இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஜான் எஃப். சைட்ஸ். ‘ரியர் விண்டோ’வில் நர்ஸாக வரும் தெல்மா ரிட்டரைப் பிடித்துப்போனால் 1950ன் ‘ஆல் அபௌட் ஈவ்’, 1953ன் ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’. போரிஸ் காஃப்மனைப் பிடித்தால் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’.

ஒரு எச்சரிக்கை. எம்ஜிஎம் படங்களில் கலை இயக்கம் என்று செட்ரிக் கிப்பன்ஸ் பெயர் எங்கு பார்த்தாலும் வரும். துறைத்தலைவர் என்பதால் ஒப்பந்தப்படி வருகிற பெயர் அது. செட்டை உண்மையில் வடிவமைத்தவர் பெரும்பாலும் அதற்குக் கீழே வரும் இரண்டாவது பெயர். அந்த இரண்டாவது பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.